அங்க மாட்டுக்குத் திமில் இருக்கா?

ஜூன் 14, சனி

காலை ஆறரைக்கு டென்வரை விட்டோம். அம்மாவுக்கு எடுத்த கட்டியின் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. போவதா வேண்டாமா என்று நேற்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை பேசி, கடைசியில் அம்மாவே போனில் முடிவு செய்தாள். "நீ வீட்ல உக்காந்திருந்தா மட்டும் ரிப்போர்ட் சீக்கிரம் வந்துருமா? பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா." அப்புறம், "மாட்டுக்காரங்க ஊராமே. அங்க மாட்டுக்குத் திமில் இருக்கா?"

இருக்காது என்றேன். எனக்கு என்ன தெரியும், சும்மா சொன்னேன்.

ஷையென்னில் காபி. தம்பியைக் கூப்பிட்டேன். அங்கே ராத்திரி எட்டு. அம்மாவுக்குச் சாயங்காலம் காய்ச்சல் 99.8, இப்போது இல்லை என்றான். எடை பார்த்தாயா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

வடக்கே போகப் போக வீடு குறைந்துகொண்டே வந்தது. வயோமிங் முழுவதற்கும் ஆறு லட்சம் பேர்கூடக் கிடையாது. பரப்பு மட்டும் தமிழ்நாட்டைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த பெட்ரோல் பங்க் எத்தனை மைலில் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கார் நம்பர் பிளேட்டில் துள்ளும் குதிரையும் அதன்மேல் ஒரு ஆளும். 1936-இலிருந்து அதே படம். பையன் எண்ணிக்கொண்டு வந்தான். 112-இல் தூங்கிவிட்டான்.

ஜூன் 15, ஞாயிறு

டெவில்ஸ் டவர். வெட்ட வெளியில் 867 அடிக்கு ஒற்றைப் பாறை, பக்கமெல்லாம் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக. 1906-இல் இந்த நாட்டின் முதல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது இதைத்தான். பேய்ப் பெயர் வெள்ளைக்காரர்கள் வைத்தது. லக்கோட்டா மக்களுக்கு இது கரடியின் வீடு.

கயோவா மக்கள் ஒரு கதை சொல்வார்களாம். கரடி துரத்த ஏழு சிறுமிகள் ஒரு சின்னப் பாறைமேல் ஏறிக் காப்பாற்றச் சொல்லி வேண்ட, பாறை வளர்ந்ததாம். கரடி பிறாண்டிய நகக்கீறல்தான் அந்தக் கோடுகள். பெண்கள் வானத்துக்குப் போய் நட்சத்திரக் கூட்டமானார்கள். எந்தக் கூட்டம் என்று இவர் தேடிப் பார்த்தார். நம் கார்த்திகைதான். நம் கணக்கில் ஆறு பெண்கள், இவர்கள் கணக்கில் ஏழு.

பாறையைச் சுற்றி நடக்கும் பாதையில் மரங்களில் துணி முடிந்திருக்கிறார்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை. வேண்டுதல். தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள் என்று பலகை. ஜூன் மாதம் பழங்குடிகள் வழிபடும் காலம் என்பதால் பாறை ஏறுகிறவர்களையும் ஏறாதிருக்கக் கேட்டுக்கொள்கிறார்கள்.

நான் தொடவில்லை. ஆனால் அந்த மஞ்சள் துணிக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதவே கூசுகிறது. டிபியாக இருக்கட்டும் முருகா. வெறும் டிபியாக மட்டும் இருக்கட்டும்.

ஜூன் 16, திங்கள்

பிக்ஹார்ன் மலைமேல் இன்னும் பனி கிடக்கிறது. ரிப்போர்ட் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கோடி. எருமை பில் என்ற வில்லியம் கோடி உண்டாக்கிய ஊர். 1902-இல் ஓட்டல் கட்டி மகள் பெயரையே வைத்திருக்கிறார், இர்மா. மதியம் அங்கேதான் சாப்பிட்டோம். எனக்கு உருளைக்கிழங்கும் ரொட்டியும். வேறெதிலும் மாடு.

ராத்திரி எட்டு மணிக்கு ரோடியோ. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை தினமும் உண்டு. குதிரை, கயிறு வீசிக் கன்று பிடிப்பது, பீப்பாய்களைச் சுற்றி வளைந்து ஓடும் பெண்கள், எல்லாம் முடிந்து கடைசியில் காளை. இரும்புக் கதவுக்குப் பின்னால் காளையை ஒடுக்கி நிறுத்தியிருக்கும் இடத்தைப் பார்த்ததும் என் வாயில் வந்த வார்த்தை வாடிவாசல். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பையன் ஒருவன், இருபது வயதுகூட இருக்காது, காளையின் நெஞ்சைச் சுற்றிக் கட்டிய கயிற்றைப் பிசின் தடவிய கையுறையால் மேலும் கீழும் இழுத்து இழுத்துச் சூடேற்றினான். கையில் ஒரு சுற்று. உள்ளங்கையில் ஒரு குத்து. தலையை அசைத்ததும் கதவு திறந்தது. எட்டு விநாடி தாங்க வேண்டும், ஒரே கையில். மற்ற கை மாட்டின்மேல் பட்டாலே போச்சு. இவன் மூன்று விநாடிகூடத் தாங்கவில்லை. விழுந்தவன் எழுந்து முதலில் தன் தொப்பியைத் தேடினான்.

ஒன்று பிடித்தது. மார்க் போடும்போது பாதி ஆளுக்கு, பாதி மாட்டுக்கு. நன்றாகத் துள்ளினால் மாட்டுக்கு மதிப்பு. தாத்தா இருந்திருந்தால் இதை ஒத்துக்கொண்டிருப்பார்.

முக்கியமான விஷயம்: திமில் இருக்கிறது! நாலைந்து காளைக்கு நன்றாகவே இருந்தது, ஒன்றுக்குச் சாய்ந்துகூட விழுந்தது. பிராமன் ரத்தம் கலந்தது என்றார் பக்கத்து இருக்கைக்காரர். அறைக்கு வந்து படித்தால் அந்த பிராமனே நம் ஊர்ப்பக்கத்து மாடுதான். கீர், குஜராத், நெல்லூர், கிருஷ்ணா பள்ளத்தாக்கு இனங்களிலிருந்து இங்கே உருவாக்கியது. அம்மாவுக்குப் போட்டோ அனுப்பினேன். அங்கே காலை பத்தரை. ஒரு டிக்தான். போனை அணைத்து வைத்திருக்கிறாளா?

ஜூன் 18, புதன்

தம்பி பேசினான். கட்டியை எடுத்த அன்று முழுத் துண்டையும் பார்மலினில் போட்டுவிட்டார்களாம். பார்மலினில் போட்டால் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சிபிநாட் டெஸ்ட் செய்ய முடியாது. ஒரு சின்னத் துண்டைத் தனியாக உப்புநீரில் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். யாரும் போடவில்லை, யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு இன்னொரு முறை ஊசி. இந்த முறை காதுக்குக் கீழே இருக்கும் கட்டியில்.

அங்கே இன்னொரு கட்டி இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

கத்தினேன். அவன், "நீ இங்க வந்து பாரு அக்கா, அப்பத் தெரியும்" என்றான். வந்து பார்க்கத்தான் முடியாதே. போனால் விசா ஸ்டாம்பிங் முடியாமல் திரும்ப முடியாது என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

ஊருக்கு வெளியே ஹார்ட் மவுண்டன் போனோம். 1942 முதல் 45 வரை ஜப்பானிய வம்சாவளியினரை, குடியுரிமை உள்ளவர்களையும் சேர்த்து, முள்வேலிக்குள் அடைத்து வைத்த முகாம். ஒரு நேரத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல். இப்போது தூரத்திலிருந்தே தெரிவது ஆஸ்பத்திரியின் செங்கல் புகைபோக்கி ஒன்று. இவரும் பையனும் உள்ளே போனார்கள். நான் காரில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

கிழக்கு வாசல் வழியாக யெல்லோஸ்டோன். சிக்னல் இல்லை. மறுபடியும் சிக்னல் இல்லை. நடுரோட்டில் ஒரு காட்டெருமை, அதன் பின்னால் நாற்பது கார். 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது சட்டம். அதுவாகக் காருக்குப் பக்கத்தில் வந்தால் என்ன செய்வது? கண்ணாடியை ஏற்றிவிட்டு மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தோம். அது என்னைப் பார்க்கக்கூட இல்லை.

ஜூன் 20, வெள்ளி

ஓல்ட் ஃபெய்த்ஃபுல். அடுத்து எப்போது பொங்கும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்: 11.42, முன்னே பின்னே பத்து நிமிஷம். போன தடவை எவ்வளவு நேரம் பொங்கியது என்பதை வைத்து இதைக் கணிக்கிறார்கள். 11.47-க்குப் பொங்கியது. பூமிக்கு அடியில் இருக்கிற வெந்நீர் சொன்ன நேரத்துக்கு வருகிறது. மதுரையில் ஒரு லேப், "நாளைக்கு வாங்க" என்று ஆறு நாளாகச் சொல்கிறது.

சாயங்காலம் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் என்ற வெந்நீர் ஊற்று. நடுவில் நீலம், ஓரத்தில் மஞ்சள், ஆரஞ்சு. பலகைப் பாதையில் காற்று வீசியது. கோடியில் வாங்கிய பையனின் கவ்பாய் தொப்பி பறந்து ஆரஞ்சுப் படலத்தின்மேல் விழுந்தது. கைக்கெட்டும் தூரம்தான். காலை வைத்தால் வெந்துபோகும். அவன் அழவில்லை, "சுடுமாம்மா அதுக்கு?" என்றான். அங்கே ஏற்கெனவே இரண்டு தொப்பி கிடந்தது.

அந்த நிறமெல்லாம் வெந்நீரில் வாழும் நுண்ணுயிர்கள். இவர் பயோடெக் படித்தவர். நடந்துகொண்டே சொன்னார்: 1966-இல் தாமஸ் பிராக் என்பவர் இந்தப் பக்கத்து ஊற்று ஒன்றில் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். அதன் நொதி கொதிநிலைக்குப் பக்கத்திலும் கெடாது. மரபணுத் துணுக்கைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் டெஸ்டில் ஒவ்வொரு சுற்றிலும் மாதிரியைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்க வேண்டும், மற்ற நொதிகள் அதிலேயே செத்துவிடும். இது தாங்கியதால்தான் பிசிஆர் ஊர் ஊராகப் பரவியது.

"சிபிநாட்டும் பிசிஆர்தானே?"

"ஆமா."

அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. நான் அந்த ஆரஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் அதே வேண்டுதல். இந்த முறை யாரைக் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

ஜூன் 21, சனி

இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சோறு நடுவில் அரிசி.

ஜூன் 22, ஞாயிறு

ஜாக்சன். சிக்னல் நாலு கோடு.

வீடியோவில் அம்மா. காதுக்குக் கீழே பஞ்சு ஒட்டியிருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஊர்ச் சதுக்கத்தில் மான்கொம்பாலேயே கட்டிய வளைவைக் காட்டினேன். "அடப்பாவிகளா, எத்தன மானைக் கொன்னானுங்களோ." இல்லம்மா, வருஷா வருஷம் தானாக உதிரும் கொம்பு, பொறுக்கிக் கட்டியது என்றேன். நம்பவில்லை. டீட்டன் மலைகளைக் காட்டினேன். 13,775 அடி, அடிவாரக் குன்று எதுவும் இல்லாமல் சமவெளியிலிருந்து அப்படியே எழுகிறது. "ம்" என்றாள். காளை போட்டோவைப் பற்றித்தான் பேச்சு. திமில் வலப்பக்கம் சாய்ந்ததை அவளே கவனித்திருக்கிறாள். "நல்ல சுழி இருக்கான்னு பாத்தியா?"

வைக்கும்போது குரலைத் தாழ்த்தினாள். "டிபின்னு வந்தா ஊர்ல ஒருத்தர்கிட்டயும் சொல்லிறாத ஆத்தா." அவள் சிறுமியாக இருந்தபோது அத்தை ஒருத்தியைத் தோப்பூர் டிபி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த அத்தை பெயரை இன்றைக்கும் வீட்டில் மெதுவாகத்தான் சொல்வார்கள்.

டிபின்னு வந்தா மைக் வைத்துச் சொல்வேன்மா. சொல்லவில்லை. சரிம்மா என்றேன்.

டிக்கெட் பார்த்தேன். தோஹா வழி. இவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்ப் பையனுக்குப் போர்வையைப் போர்த்தினார்.

ஜூன் 23, திங்கள்

காலை நாலேகால். தம்பி மெசேஜ், 3.52-க்கு: "அக்கா முழிச்சிருக்கியா".