ஓம வாசம்

மே 6
எண்ணெயும் அமிலமும் இன்றும் பிரியவில்லை. பிரிபுனலைக் குலுக்கி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே எண்ணெய், கீழே அமிலம், நடுவில் பால் மாதிரி ஒரு பட்டை. அது கலையவே இல்லை.

மே 7
அம்மாவின் ரிப்போர்ட் வரவில்லை.

மே 10
ஹட்டன் ரயிலில் எழுதுகிறேன். வீட்டில் சட்டையை முகர்ந்து பார்த்து "என்னடி, ஓமத்தண்ணி வாசம்" என்றார் அம்மா. சரியாகத்தான் பிடித்தார். தைமால் என்பது ஓம உப்பு, மெந்தால் என்பது புதினா உப்பு. தைமால் உருக 50 பாகை வேண்டும், மெந்தாலுக்கு நாற்பதுக்குச் சற்று மேல். இரண்டையும் சரிபாதி மோல் கலந்தால் அறை வெப்பத்திலேயே எண்ணெயாகிவிடுகிறது. வயிற்றுவலிக்கு அம்மா தந்த மருந்தைக் கொண்டு அணுக்கழிவிலிருந்து அமெரிசியம் என்ற கதிரியக்க உலோகத்தை இழுக்கப் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். "அந்தக் கதிரும் எனக்கு வைக்கப்போற கதிரும் ஒண்ணா?" என்று கேட்டார். வைப்பார்கள் என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே அம்மா.

மே 11
தூக்கம் இல்லை. 1950களில் தொடங்கிய ப்யூரெக்ஸ் முறையில்தான் பிரான்சின் லா ஹேக் ஆலையில் இன்றும் எரிந்து முடிந்த அணு எரிபொருளைப் பிரிக்கிறார்கள்: 30 சதவீதம் ட்ரைபியூட்டைல் பாஸ்பேட், மிச்சம் மண்ணெண்ணெய் வகை. லயத்தில் பாட்டி விளக்கேற்றிய அதே இனம். கதிர் பட்டுப் பட்டு அந்தப் பாஸ்பேட் உடைகிறது. எரித்தாலும் பாஸ்பரஸ் மிஞ்சி அதுவே இன்னொரு கழிவாகிறது. என் கலவையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும்தான். எரித்தால் மிச்சமே இல்லை. ஆனால் வாசம் வருகிறது என்றால் ஆவியாகிப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? பசுமைக் கரைப்பான் என்று பெயர் வைத்துவிட்டு, காற்றில் விடுகிறேனா?

மே 12
மழை.

மே 15
பேராதனை. இங்கே அமெரிசியம் கிடையாது, யூரோப்பியத்தை வைத்துத்தான் பார்க்கிறேன். அயனிக்கு அதே +3 மின்சுமை, ஏறத்தாழ அதே பருமன். இதுவரை மென்மையான அமிலத்தில் செய்தேன். உண்மைக் கழிவு 3 மோலார் நைட்ரிக் அமிலத்தில் இருக்கும் என்பதால் இன்று அதை ஊற்றினேன். மேல் படலம் மஞ்சளானது, அப்புறம் செம்பழுப்பு. தைமால் ஒரு ஃபீனால். நைட்ரிக் அமிலம் அதை விட்டுவைக்குமா? இது எனக்குத் தெரிந்த வேதியியல்தான். தெரிந்தும் ஐந்து மாதம் ஓமத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தேன், அம்மாவின் வாசம் என்பதால்.

அழுதேன்.

மே 16
ரிப்போர்ட் வந்துவிட்டது. எழுத மாட்டேன்.

மே 19
மெந்தாலும் டெக்கனாயிக் அமிலமும். பின்னது தேங்காயெண்ணெயிலும் உண்டு. தைமால் இல்லை. பதினொரு நிமிடத்தில் பிரிந்தது, நடுவில் பட்டை இல்லை! ஆனால் இவ்வளவு அமிலத்தில் டெக்கனாயிக் அமிலம் தன் புரோட்டானை விடாது, உலோகத்தைப் பிடிக்காது. உலோகத்தைப் பிடிக்க டாட்கா (TODGA) என்ற சேர்மத்தைச் சேர்க்க வேண்டும். அதில் நைட்ரஜன் உண்டு, பாஸ்பரஸ் இல்லை. பார்சல் இன்னும் வரவில்லை.

மே 20
திங்கட்கிழமை அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப்போக வேண்டும். அமெரிசியம்-241க்கு அரை ஆயுள் 432 ஆண்டு. எனக்கு இந்த வருடம் முடிந்தால் போதும், அம்மா சிரித்தால் போதும்.

மே 21
பார்சல் வந்தது. குலுக்கி மாட்டியிருக்கிறேன். நான்கு நிமிடம் ஆகிறது, கோடு தெளிகிறது. அப்பா கூப்பிடுகிறார்