கண்ணாடியில் ஒரு வரி வரி ஃபிலிம்

எல்லாமே ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சா படி இறங்குறதே சர்க்கஸ்தான். அதுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது ஃபிரெனல் பிரிசம்; ஒளியை வளைச்சு ரெண்டு பிம்பத்தையும் ஒண்ணாச் சேர்க்குறது. சுமார் 1 மில்லிமீட்டர் கனத்துல மெத்துனு, ஒரு பக்கம் மட்டும் வரி வரியா இருக்குற பிளாஸ்டிக் ஃபிலிம். 1820-கள்ல கலங்கரை விளக்கத்துக்காக ஃபிரெனல்ங்கிற பிரெஞ்சு இயற்பியலாளர் உருவாக்கின லென்ஸோட அதே தத்துவம்!

இதுக்குப் பசையே கிடையாது. வெதுவெதுப்பான தண்ணிக்குள்ள வெச்சு, வழவழப்பான பக்கத்தை மூக்குக்கண்ணாடி லென்ஸோட உள்பக்கத்துல ஒட்டணும். வரிப்பக்கம் கண்ணைப் பார்க்கணும். நடுவுலேருந்து ஓரத்துக்கு விரலால நீவினா குமிழி வெளியேறிடும். முதல் தடவை ஃபிலிமைத் திசை மாத்தி ஒட்டிட்டேன்; ரெண்டு பிம்பமும் சேர்றதுக்குப் பதிலா இன்னும் தள்ளிப் போய் உக்காந்துக்கிச்சு. அதனால சரியா ஒட்டின ஃபிலிமைக் கழட்டுறதுக்கு முன்னாடியே, அது எந்தத் திசையில இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க.

ஒட்டின கையோட துடைக்காதீங்க, ஒரு நாள் காயட்டும். வரிகளுக்குள்ள தூசி சேரும். நான் மென்மையான பிரஷ், லேசான சோப்புத் தண்ணி, வரிகளோட போக்குலயே தேய்க்கிறேன். ஸ்பிரிட், அசிட்டோன் பக்கமே போகாதீங்க.

பார்வை கொஞ்சம் மங்கும், விளக்கைச் சுத்தி கோடு கோடாத் தெரியும். ஆனா தெருவுல ஒரே ஒரு நிலா!