தனுஷ்கோடி தேவாலயச் சுவர் – 1:50 மாடல், பவளக்கல் வந்துவிட்டது

கடல் பார்த்த பக்கச் சுவர் முடிந்தது. கையால் தடவினாலே பவளக்கல் (கடல் பவளப்பாறையில் வெட்டிய கல்) என்று சொல்லிவிடலாம், அந்த அளவுக்குச் சொரசொரப்பு. நிஜப் பவளக்கல் வேண்டாம். 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இடிபாட்டுத் துண்டையும் அங்கிருந்து எடுத்து வராதீர்கள்.

பவளக்கல்லில் இருப்பது போன்ற துளைகளுக்கு உப்புதான் வழி. கண்ணாடித் தட்டில் தேங்காய் எண்ணெய் தடவி, பொடி உப்பை ஒரே பரத்தலாகத் தூவி, அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலவை (100 கிராமுக்கு 60 மில்லி தண்ணீர்). கல் உப்பு கூடாது: 3 மி.மீ. குழி இந்த அளவில் 15 செ.மீ. பள்ளமாகிவிடும். உப்பைக் கலவைக்குள் போட்டுக் கிளறவும் கூடாது, பிளாஸ்டர் சட்டென்று இறுகி ஊற்றவே விடாது.

இறுகியதும் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பலர் அவசரப்படுவது இங்கேதான். மிச்ச உப்பு ஈரம் இழுத்து, காயும்போது பூத்து, பூச்சைத் தள்ளிவிடும். தனுஷ்கோடியில் நிஜச் சுவர்களின் காரை உதிர்வதும் இப்படித்தான். நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் இன்னும் ஊறட்டும். கடைசி அலசலுக்கு மதுரை போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு.

பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. நீற்றி, வேட்டித் துணியில் வடிகட்டிய விழுது ஒரு பங்கு, சலித்த மார்பிள் பவுடர் ஒன்றரைப் பங்கு, பிசையக் கடுக்காய்த் தண்ணீர். கடுக்காய் கீழமாசி வீதிப் பக்க நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும். கொட்டை நீக்கி இடித்து ஊறவைத்தால் போதும். அது தரும் லேசான பழுப்பு எந்தப் பெயிண்டிலும் வராது! சுவரை நனைத்துவிட்டு அரை மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பூசி, ஈரத்துணி போர்த்தி வையுங்கள். சுண்ணாம்பு இறுகக் காற்றும் வேண்டும், ஈரமும் வேண்டும். நம்மூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் விரலில் மாவாக ஒட்டும். பாதி ஈரத்தில் ஊசியால் விளிம்பைத் தூக்கிவிட்டால் உரிந்த காரை தத்ரூபமாக வரும்.

வளைவு வாசல் இன்னும் பாக்கி. அதற்குள் ரயில் நிலையத்துக்கு மனம் ஓடுகிறது: 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு போட் மெயில் ரயில் பயணிகள் இறங்கி இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறிய இடம், 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் போனது. பக்கத்தில் கம்பிப்பாடு மீனவர் குடிசை ஒன்றும் வேண்டும். கூரைக்குப் பனங்குருத்தோலையை நரம்பு நீக்கிக் கீறிப் பார்க்கப் போகிறேன்; முற்றிய ஓலை இந்த அளவுக்கு வளையாது.