புரட்டாசியில் ஒரு கால் மட்டன்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில், அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர்கள் வேலை செய்யும் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பை ஒட்டுவது, திருகாணிகளை எண்ணிப் பொட்டலம் போடுவது, இப்படி வேலைகள்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோருக்கும் பன்னி சௌ. (பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.) புரட்டாசி பிறந்துவிட்டால் யாரையும் கேட்காமல் வரிசையாகப் பீன்ஸ் என்று எழுதிவிடுவேன். இங்குள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் அந்த மாதம் கறி கிடையாது.

ஒரு முறை அங்கே வேலை செய்பவர் ஒருவர் சீட்டை எட்டிப் பார்த்தார். வாசிக்கத் தெரியாது, ஆனால் எல்லா வரியும் ஒரே மாதிரி இருப்பது கண்ணில் பட்டுவிட்டது.

"எனக்கு மட்டன். கால் ரொட்டி."

"புரட்டாசி தம்பி. அம்மா விரதமாச்சே?"

"அம்மா விரதம். நான் இல்லை."

சிரித்துவிட்டுப் பீன்ஸையே வாங்கினேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார், மறுபடி அதே தாளில் சுற்றினார், என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலை வரை பசியோடு திருகாணி எண்ணினார். கணக்கில் ஒன்றுகூடத் தப்பவில்லை. என் கோப்புகளில்தான் எண்ணெய் ஊறிவிட்டது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையைத் தென்னாப்பிரிக்கா 2007இலேயே ஏற்றுக்கொண்டது. அதன் 12ஆம் பிரிவை, மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் சட்டத் தகுதி (தம் முடிவுகளைத் தாமே எடுக்கும் உரிமை) உண்டு என்பதை, பயிற்சி வகுப்பில் நானே வாசித்துக் காட்டியிருக்கிறேன். கௌட்டெங் மாகாணத்தில் லைஃப் எசிடிமெனி மனநலக் காப்பகங்களில் இருந்தவர்களை அவசர அவசரமாக வேறிடங்களுக்கு மாற்றி, 144 பேர் இறந்துபோனபோது கொதித்திருக்கிறேன். அதையும் பீன்ஸையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தபோது, நானும் அவரைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டேனே என்ற நினைப்புத்தான் வந்தது.

அடுத்த வெள்ளி தன் வாரக்கூலியில் அவரே மட்டன் வாங்கினார். மாலையில் அவருடைய அம்மா போன் செய்து, "நீயே இப்படிச் செய்யலாமா, மகளே?" என்றார். மகனின் உதவித்தொகையும் அம்மா கைக்குத்தான் போகிறது; வீட்டில் அவர் வாங்குவது எதுவும் இல்லை. "கேட்டார், வாங்கிக்கொண்டார் ஆயா" என்றேன். சமாதானமாகவில்லை.

எனக்கும் எல்லாம் தெளிந்துவிடவில்லை. சர்க்கரை நோய் உள்ள இன்னொருவர் தினமும் கோக் கேட்கிறார். டாக்டர் சொன்னதைப் படம் வரைந்து விளக்குகிறேன். தலையாட்டிவிட்டுக் குடிக்கிறார்.

அப்புறம் ஒன்று. மட்டன்காரர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். இத்தனை நாளும் தம்பி என்றே கூப்பிட்டிருக்கிறேன். போன வாரம் "அண்ணா" என்று அழைத்தேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.