நீலப்புகை: பிஸ்டன் ரிங்கா, வால்வு சீலா?

மதுரையில் பழைய பெட்ரோல் கார் கொஞ்சம் நீலப்புகை (இன்ஜின் ஆயில் எரிவதன் அடையாளம்) விட்டாலே, "போர் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். போர் என்பது பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர். தயவுசெய்து அதற்குள் சம்மதிக்காதீர்கள்.

பெரும்பாலும் ஒரு பிஸ்டனுக்கு மூன்று ரிங். மேலிரண்டும் எரியும் வாயுவின் அழுத்தத்தைக் கீழே விடாமல் பிடிப்பவை. மூன்றாவது, சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலை வழித்து இறக்கும். 3000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 3000 சுற்று) பிஸ்டன் நொடிக்கு 50 முறை ஏறி இறங்குகிறது. ரிங் தேயத்தான் செய்யும்.

புகை எப்போது வருகிறது என்று பாருங்கள். கொடைக்கானலிலிருந்து கியரிலேயே இறங்கி, வத்தலகுண்டு பக்கம் ஆக்சிலேட்டரை மிதித்ததும் குப்பென்று வந்து நின்றுவிட்டால், முதல் சந்தேகம் வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல்மீதுதான். இறக்கத்தில், இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டில் மூடியிருக்கும். உள்ளே உண்டாகும் வெற்றிடம் வால்வுத் தண்டு வழியாக ஆயிலை உறிஞ்சிவிடும். மலையேறும்போது மிதிக்க மிதிக்கப் புகைந்தால் ரிங்.

ரிங்கா என்று பார்க்க, சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் உதவும். இன்ஜினைச் சூடாக்கி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி அளவெடுக்கவும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் நன்றாக ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு (சீல் அல்ல, வால்வே சரியாக மூடாதது) அல்லது சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கெட்.

ரிங் மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புள்ளி குத்திய பக்கம் மேலே இருக்கவேண்டும். மூன்று ரிங்கின் வாய்களும் (வெட்டு இடைவெளிகளும்) ஒரே நேரில் வரவே கூடாது.