ராவுத்தர் என்றால் குதிரைக்காரர்

தென்காசி, கடையநல்லூர், புளியங்குடிப் பக்கம் ராவுத்தர் என்றதும் முஸ்லிம்களில் ஒரு பிரிவு என்று சொல்லிவிட்டு எல்லாரும் நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் ஆதியில் அது வேலைப் பெயர். குதிரை மேலிருந்து சண்டை போடுகிறவன் ராவுத்தன், அவ்வளவுதான். தெலுங்கில் ரவுத்து, கன்னடத்தில் ராவுத என்றாலும் குதிரைவீரன்தான். மராத்திக்காரர்களின் ராவுத் என்ற குடும்பப் பெயரும் இதற்குச் சொந்தம். சமஸ்கிருத ராஜபுத்திரன்தான் வாய்க்கு வாய் தேய்ந்து இப்படி வந்து நிற்கிறான் என்பார்கள்.

சந்தேகம் இருந்தால் அருணகிரிநாதரைப் பாருங்கள், மயிலேறி வருகிற முருகனையே அவர் ராவுத்தனே என்றுதான் கூப்பிடுகிறார். செஞ்சிச் சீமையிலோ திரௌபதி அம்மனுக்குக் காவல் நிற்கிறவரே முத்தால ராவுத்தர்.

சரி, குதிரைக்கு எங்கே போவது? நம் சீமை உழவு மாட்டுக்குப் பேர் போனதே தவிர குதிரைக்கு இல்லை. பாண்டியருக்கு எல்லாம் கடல் வழிதான். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், இன்றைக்குப் பழையகாயல் என்கிறோமே, அந்தத் துறைமுகத்தில் பாரசீக வளைகுடா ஹோர்முஸ், அரேபியக் கரை ஏடன் பக்கத்துக் கப்பல்கள் குதிரைகளைக் கொண்டுவந்து இறக்கின. 13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் வந்துபோன மார்க்கோ போலோ, ராஜா ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குகிறார், பராமரிக்கத் தெரியாததால் வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். சோறும் கறியும் சேர்த்து வேகவைத்துப் போட்டார்களாம்! மனுஷன் கொஞ்சம் அளந்துவிட்டிருக்கலாம், ஆனால் குதிரை லாயத்தில் விவரம் தெரிந்த ஆளுக்கு என்ன கிராக்கி இருந்திருக்கும் என்பது புரிகிறது. அந்த ஆளுக்குக் கிடைத்த மரியாதைதான் பின்னால் பட்டமாகி, பட்டம் குடும்பப் பெயராகியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. காயல்பட்டினத்து மரைக்காயர் பெயரை மரக்கலத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள், இவர்கள் பெயர் குதிரையோடு. வீட்டுப் பேச்சிலும் அப்பாவுக்கு அங்கே வாப்பா, இங்கே அத்தா.

சிப்பாய் கதை இன்னும் வேடிக்கை. பாரசீகத்து சிபாஹி துருக்கிக்குப் போய்க் குதிரைவீரன் ஆனான், நம்மிடம் வந்து கிழக்கிந்தியக் கும்பெனியில் துப்பாக்கி தூக்கி நடந்தே செத்தான். கும்பெனிக் குதிரைப்படை ஆளுக்கு சுவார் என்று பேர். அந்தச் சொல்லின் உறவுதான் நம் சவாரி, அது இப்போது ஆட்டோ ஸ்டாண்டில் கிடக்கிறது.

ஐரோப்பிய நாவல்களை மொழிபெயர்க்கிறவர்கள், ஹங்கேரியில் பிறந்த குதிரைவீரன் பெயரான ஹுஸ்ஸார் என்று வந்தால் அப்படியே எழுதிவிடுகிறார்கள், அல்லது இலகு குதிரைப்படை வீரன் என்று மூன்று சொல்லில் இழுக்கிறார்கள். ராவுத்தன் என்று ஒரே சொல்லில் போடலாமே என்று எனக்கு ஆசைதான். ஆனால் ஹங்கேரிக்காரன் வாளை உருவிக்கொண்டு வரும்போது நம்மூர் வாசகருக்குப் புளியங்குடி எலுமிச்சை மண்டி முதலாளிதான் ஞாபகத்துக்கு வருவார், அதற்கு என்ன செய்வது?