மூன்றாம் இலக்க ஜேர்சியும் ஒரு சத்தியக் கடதாசியும்

பிரான்சில் ஒரு ரக்பிக் கழகம் கூப்பிட்டுவிட்டது என்றதும் எங்கள் பெடியள் முதலில் ஜிம்முக்குத்தான் ஓடுகிறார்கள். ஜிம் எங்கேயும் போய்விடாது. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பு, உள்ளூர்க் கழகத்தில் உள்ள பதிவு ஆகிய நான்கையும் ஒரு மேசையில் விரித்து, பெயரை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எனக்கு மூன்றில் ஒரு மாதிரி, கழகப் பதிவில் வேறு மாதிரி. கூடிப்போனது ஒரேயொரு ஆங்கில எச். அந்த எச்சினால் பருவத்தின் முதல் ஆட்டங்களை நான் கோட்டுக்கு வெளியே, ஜாக்கெட் போட்டபடி நின்று பார்த்தேன்.

நான் யாழ்ப்பாணத்தான். அங்கே வடக்கின் பெருஞ்சமர் என்ற கிரிக்கெட் ஆட்டம் என்றால் ஊரே திரளும், உதைபந்தாட்டத்துக்கும் குறைவில்லை. ரக்பி எனக்கு ஒட்டியது உயர்தரம் படிக்கப் போன கண்டியில். 1891 இலேயே கிங்ஸ்வூட்டில் பாடசாலை ரக்பி தொடங்கிய ஊர் அது. உடம்பைப் பார்த்ததும் முன்வரிசையில் போட்டுவிட்டார்கள். பிறகு கழகம், பிறகு இந்த வாய்ப்பு.

நான் டைட்ஹெட் ப்ரொப், முன்வரிசையில் 3 ஆம் இலக்க ஜேர்சி போடுகிறவன். ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியும் குனிந்து பிணைந்து தள்ளும்போது, எதிரணி முன்வரிசையின் லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவே தலையைக் கொடுக்கிற இடம். பழகிய முன்வரிசைக்காரர் இல்லாவிட்டால் நடுவர் தள்ளாத ஸ்க்ரம் என்று அறிவித்துவிடுவார். அதனால்தான் சின்னக் கழகங்கள்கூட 3 ஆம் இலக்கத்துக்கு ஆள் தேடி உலகம் முழுக்க மெயில் போடுகின்றன. ஆனால் வீடியோ அனுப்புவதில் பலர் கோட்டை விடுகிறார்கள். பிரதான கமராவில் ப்ரொப் தெரியவே மாட்டான், ஆட்குவியலுக்குள் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரியும். ஒரு நண்பனை டைட்ஹெட் பக்கக் கோட்டோரம் போனுடன் நிறுத்துங்கள். முதுகு நேராக இருக்கிறதா, முழங்கை தொங்குகிறதா என்றுதான் பயிற்றுநர் பார்ப்பார். ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் ஊன்றிப் புள்ளி எடுப்பது) அடித்த கிளிப்பெல்லாம் நாங்கள் சந்தோசப்பட மட்டும்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது: பருவம் முடியும்வரை தேசிய அணிக்குப் போகக் கூடாதாம். உலக ரக்பி அமைப்பின் 9 ஆவது ஒழுங்குவிதிப்படி, குறித்த சர்வதேசக் காலங்களில் தேசிய அணி கூப்பிட்டால் கழகம் விட்டுத்தான் ஆக வேண்டும். அதைச் சொல்லி ஒரு மெயில் போட்டேன், அந்த வரி போய்விட்டது. ஏஜென்டுக்கு இது தெரியாது. தெரிந்தும் பேசாமல் இருந்தாரோ என்னவோ.

இனி எச்சின் கதை. அதே அமைப்பின் 4 ஆவது ஒழுங்குவிதிப்படி, ஒரு நாட்டு ரக்பிச் சங்கத்திலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறவன் பழைய சங்கத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் களத்தில் கால் வைக்க முடியாது. வீரன், பழைய கழகம், சங்கம் என்று எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்துக்கு ஒரு நிமிடம் போனது. பழைய கழகத்திலோ, நான் இரண்டு பயிற்சி ஜேர்சி திருப்பித் தரவில்லையாம். ஒன்று கொலர் கிழிந்து, மற்றது அம்மாவிடம் கரித்துணியாகி அடுப்படியில் கிடந்தது. இரண்டையும் தோய்த்து, மடித்து, இரவு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் விரித்துக்கூடப் பார்க்கவில்லை, மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார்.

அனுமதிக் கடிதம் பிரான்சுக்குப் போய், போன வேகத்தில் திரும்பியது. பெயர் கடவுச்சீட்டோடு பொருந்தவில்லை. திருத்தக் கேட்டுப் போனால் சங்க எழுத்தர் சொன்ன பதில் இன்னும் காதில் நிற்கிறது: "பதிவுல இருக்கிறதத்தான் தம்பி நான் அடிக்கலாம். நீங்க பாஸ்போட்ட மாத்துங்களேன், அது லேசு." விசா விண்ணப்பம் அந்தப் பாஸ்போட்டோடு உள்ளே கிடக்கிறது. அவருக்கு அது லேசு!

கடைசியில் கைகொடுத்தது யாழ்ப்பாணத்தில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சட்டத்தரணி. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஆங்கிலத்தில் சத்தியக் கடதாசி முடித்து, முத்திரை குத்தித் தந்தார். மூன்று மூலப்பிரதி எடுங்கள் என்றதும் அவர்தான், பெரிய புண்ணியம். அதை எழுத்தரிடம் கொடுக்காமல் அவருக்கு மேலே இருந்த பெண் அதிகாரியிடம் நேரே நீட்டினேன். வாசித்தார், அந்த எழுத்தரையே கூப்பிட்டார், என் கண் முன்னாலேயே புதிய கடிதம் அடிக்க வைத்தார். அச்சுப்பொறியிலிருந்து அந்தத் தாள் வந்தபோது எனக்கு ட்ரை அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அடித்த ட்ரைகள் குறைவு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு வெளிவிவகார அமைச்சின் அத்தாட்சியை யாழ்ப்பாணக் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) எடுக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம். பொலிஸ் அறிக்கை இணையத்தில் விண்ணப்பித்து வந்தது.

மருத்துவச் சோதனை வேறு வகைக் கூத்து. கழகம் கழுத்து எம்ஆர்ஐ கேட்டது. இயந்திரக் குழாய்க்குள் என் தோள் இரண்டு பக்கமும் இடித்தது. கையை நெஞ்சில் கட்டச் சொல்லி, திரும்ப வெளியே இழுத்து, திரும்ப உள்ளே தள்ளினார்கள். பொதுச் சோதனைக்குப் போன இடத்தில் வைத்தியர் தராசைப் பார்த்துவிட்டு, "சலரோகம் இருக்கோ? உடன நிறையைக் குறையுங்கோ" என்று எழுதப் பார்த்தார். கழகமோ இன்னும் இரண்டு கிலோ ஏற்றிக்கொண்டு வா என்கிறது. ஒப்பந்தத்தையும் விளையாடும் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கொலஸ்ட்ரோல் குறிப்போடுதான் வீடு திரும்புவீர்கள்.

விசாவில் ஒழுங்கு முக்கியம். முதலில் கழகம் அங்கே வேலை அனுமதி எடுக்க வேண்டும், அப்புறம்தான் நீங்கள் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன் டிக்கெட் போட்டால் காசு காற்றோடு போகும். எங்கே தங்குவாய் என்ற விசா அதிகாரியின் கேள்விக்கு, பாரிசுக்குப் பக்கத்து லா கூர்நெவ்வில் உள்ள மாமா வீட்டைச் சொல்லவே சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்துப் பெடியன், பாரிசில் சொந்தம் என்றதும் அவர் முகம் மாறுகிறது. கழகம் தரும் அறையின் முகவரியைக் கடிதமாக வாங்கி வைத்திருங்கள். முகம் மாறியது அங்கே மட்டுமில்லை. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலை நினைத்துச் சித்தி கேட்டார், "லா சப்பல்ல கடையில நிக்கிறதுக்கு ஏன் ராசா உனக்கு இவ்வளவு நிறை?"

இன்னொன்று, இங்கே பிரான்சுக்கு வந்த பிறகு. நீண்டகால விசாவை இறங்கிய 3 மாதத்துக்குள் நீங்களே இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். கழகம் செய்யும் என்று இருக்க வேண்டாம். எங்கள் அணியின் முதல் டைட்ஹெட், ஒரு பிஜிக்காரர், அப்படித்தான் இருந்துவிட்டார். இப்போது அதைச் சரிசெய்ய அலைகிறார், அதுவரை அவரை இறக்க மாட்டார்களாம். போன ஞாயிறு 3 ஆம் இலக்கம் எனக்கு வந்தது.